ஆஸ்பத்திரியில் காதில் விழும் சொற்கள்: வலி, பயம், எதிர்பார்ப்பு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆஸ்பத்திரியில் நம்மிடம் பேசுகிறவர் டாக்டர் ஒருவர் மட்டும் இல்லை. ஊசி போடும் நர்ஸ், ஸ்கேன் அறையில் நம்மைப் படுக்கவைப்பவர், ரிப்போர்ட்டைக் கையில் கொடுப்பவர் என்று பலர் பேசுகிறார்கள். அவர்கள் போகிற போக்கில் சொல்லும் ஒரு வாக்கியம் பலநாள் தூக்கத்தைக் கெடுத்துவிடும். சில சமயம் வலியையே கூட்டிவிடும். இதைப் பற்றி நோயாளிகளும் அவர்களோடு வருகிறவர்களும் மருத்துவத் துறையில் இருப்பவர்களும் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். உண்மையை மறைக்க வேண்டும் என்று எந்தப் பதிலிலும் நான் சொல்லப்போவதில்லை. அதே உண்மையை நோயாளிக்குப் பயன்படும்படி சொல்ல முடியும் என்பதுதான் என் கட்சி.

வெறும் சொல்லால் வலி கூடுமா? அது மனப்பிரமை இல்லையா?

கூடும். பிரமையும் இல்லை.

2010-இல் வெளியான ஓர் ஆய்வைப் பாருங்கள். பிரசவத்துக்காக முதுகில் மயக்க ஊசி போட்டுக்கொள்ளவிருந்த 140 பெண்கள் அதில் பங்கேற்றார்கள். அந்தப் பெரிய ஊசிக்கு முன்னால், இடத்தை மரத்துப்போகச் செய்ய ஒரு சின்ன ஊசி போடுவது வழக்கம். அதைப் போடும்போது பாதிப் பேரிடம், "இந்த இடம் மரத்துப்போக மருந்து போடுகிறோம், பிறகு நடப்பது உங்களுக்குச் சிரமமில்லாமல் இருக்கும்" என்றார்கள். மற்றப் பாதியினரிடம், "பெரிய தேனீ கொட்டியதுபோல் இருக்கும், இருப்பதிலேயே மோசமான கட்டம் இதுதான்" என்றார்கள். ஊசியும் மருந்தும் ஒன்றே. பத்துக்கு எவ்வளவு வலித்தது என்று கேட்டபோது முதல் பிரிவின் நடுமதிப்பு 3, இரண்டாம் பிரிவின் நடுமதிப்பு 5.

கெடுதல் வரும் என்ற எதிர்பார்ப்பே கெடுதலைக் கொண்டுவருவதை மருத்துவத்தில் நோசிபோ விளைவு என்கிறார்கள். வால்டர் கென்னடி என்ற மருத்துவர் 1961-இல் வைத்த பெயர் அது. போலி மாத்திரையால் நன்மை கிடைக்கும் பிளாசிபோ விளைவின் மறுபக்கம் என்று வைத்துக்கொள்ளலாம்.

உடலுக்குள் என்ன நடக்கிறது என்பதும் ஓரளவு தெரிந்திருக்கிறது. இத்தாலிய ஆய்வாளர் ஃபாப்ரிசியோ பெனடெட்டியின் குழு கண்டது இது: வலிக்கப்போகிறது என்ற பதற்றம் கோலிசிஸ்டோகைனின் என்ற வேதிப்பொருளின் வேலையைத் தூண்டுகிறது, அது வலிச் செய்தியைப் பெரிதாக்குகிறது. அந்தப் பொருளைத் தடுக்கும் மருந்தைக் கொடுத்தபோது சொல்லால் கூடிய வலி மறைந்துவிட்டது. வெறும் கற்பனையாக இருந்தால் அதை ஒரு மருந்து எப்படித் தடுக்கும்?

இன்னொரு சோதனை, 2011-இல் வெளியானது. ஆரோக்கியமான 22 பேரின் காலில் சூடு வைத்து வலி உண்டாக்கிக்கொண்டே, ரெமிஃபென்டனில் என்ற வீரியமான வலிநிவாரணியை நரம்பு வழியாக ஏற்றினார்கள். மருந்து ஏறுகிறது என்று சொன்னபோது வலி குறைந்த அளவு, சொல்லாமல் ஏற்றியபோது குறைந்ததைப்போல் இரண்டு மடங்கு. பிறகு, மருந்து ஏறிக்கொண்டே இருக்கும்போது, "மருந்தை நிறுத்திவிட்டோம், இனி வலி கூடலாம்" என்றார்கள். மருந்தின் பலன் அநேகமாகக் காணாமல் போய்விட்டது. மூளை ஸ்கேனும் அவர்கள் சொன்னதற்கு ஒத்துப்போனது.

"எறும்பு கடித்த மாதிரி இருக்கும்" என்று முன்கூட்டியே சொல்வது நல்லதுதானே?

நல்லெண்ணத்தோடுதான் சொல்கிறார்கள். பலன் பெரும்பாலும் நேர்மாறாக இருக்கிறது.

அறுவை இல்லாமல் இரத்தக்குழாய் வழியாகச் செய்யும் சிகிச்சைகளின்போது 159 நோயாளிகளிடம் பேசப்பட்டதையெல்லாம் எல்விரா லாங் என்ற மருத்துவரின் குழு வீடியோவில் பதிந்து அலசியது. 2005-இல் முடிவு வந்தது. "இப்போது குத்தும்", "கொஞ்சம் எரியும்" என்று எச்சரிக்கப்பட்டவர்களுக்கு வலியும் கூடுதல், பதற்றமும் கூடுதல். இன்னும் வியப்பான விஷயம் ஒன்று உண்டு. வலித்த பிறகு, "ரொம்ப வலித்துவிட்டதா, பாவம்" என்று பரிவு காட்டியதும் உதவவில்லை. வலி கூடவில்லை, ஆனால் பதற்றம் கூடியது.

அதற்காக ஒன்றுமே சொல்லாமல் திடுதிப்பென்று ஊசியைக் குத்தலாமா? கூடாது. அடுத்து என்ன நடக்கும் என்று தெரியாமல் படுத்திருப்பது அதைவிடக் கொடுமை. நடக்கப்போவதைச் சொல்லலாம், அது எப்படி வலிக்கும் என்ற தீர்ப்பை நோயாளியிடமே விட்டுவிடலாம்.

கைதேர்ந்த நர்ஸ் ஒருவர் இரத்தம் எடுப்பதைக் கவனித்தால் இது புரியும். கையைப் பிடித்து நரம்பைத் தடவிப் பார்த்தபடியே, "இடது கையில் எடுக்கலாமா, வலது கையிலா?" என்று கேட்கிறார். தேர்ந்தெடுக்கும் உரிமை நோயாளிக்கு வந்துவிடுகிறது. பஞ்சால் துடைக்கும்போது, "இது ஜில்லென்று இருக்கும்" என்கிறார். "இப்போது எடுக்கத் தொடங்குகிறேன். கையைத் தளர்த்தி, மூச்சை மெதுவாக விடுங்கள்" என்கிறார். மூச்சு வெளியே போகும்போது ஊசி உள்ளே போயிருக்கிறது. "அவ்வளவுதான், பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொள்ளுங்கள்." இதில் பொய் எதுவும் இல்லை. எறும்பும் இல்லை, தேளும் இல்லை.

"வலிக்கவே வலிக்காது" என்று சொல்லிவிட்டால் என்ன?

வலித்துவிட்டால் அடுத்த தடவை அவர் சொல்லும் எதையும் நோயாளி நம்பமாட்டார். குழந்தைகளிடம் இது இன்னும் மோசம். ஒரு தடவை ஏமாந்த குழந்தை ஆஸ்பத்திரி வாசலிலேயே அழத் தொடங்கிவிடும். போகட்டும், பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. "அடம் பிடித்தால் டாக்டரிடம் சொல்லி ஊசி போடச் சொல்வேன்" என்று வீட்டில் மிரட்டி வளர்த்துவிட்டு, ஆஸ்பத்திரியில் குழந்தை ஏன் இப்படிக் கத்துகிறது என்று கேட்பதில் நியாயம் இல்லை.

பக்க விளைவைச் சொன்னாலே அது வரும் என்றால், சொல்லாமல் விட்டுவிடலாமா?

கூடாது. ஆனால் இந்தக் கேள்விக்குப் பின்னால் இருக்கும் சிக்கல் நிஜமானது.

ப்ராஸ்டேட் வீக்கத்துக்கு ஃபினாஸ்டெரைடு என்ற மாத்திரை கொடுக்கிறார்கள். 2007-இல் வெளியான ஓர் ஆய்வில் எல்லோருக்கும் அதே மாத்திரையைக் கொடுத்து, ஒரு பிரிவினரிடம் மட்டும் தாம்பத்தியத்தில் சில குறைகள் வரலாம், அது அதிகம் வராது என்று தெரிவித்தார்கள். அந்தப் பிரிவில் 43.6 சதவீதம் பேர் அப்படிப்பட்ட குறையைச் சொன்னார்கள். எதுவும் சொல்லப்படாத பிரிவில் 15.3 சதவீதம்.

கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரையின் கதை இன்னும் சுவாரசியமானது. "உடம்பு வலி தாங்கவில்லை" என்று அதை நிறுத்திவிட்ட 60 பேரை ஒரு பிரிட்டிஷ் குழு அழைத்தது. ஒரு வருடத்துக்கு மாதம் ஒரு பாட்டில்: நான்கு மாதம் ஸ்டாட்டின், நான்கு மாதம் அதேபோல் தோற்றமளிக்கும் போலி மாத்திரை, நான்கு மாதம் காலிப் பாட்டில். எந்த மாதம் எது என்று முறை கலைத்துப் போடப்பட்டிருந்தது. தினமும் உடல்நிலைக்கு மதிப்பெண் இடவேண்டும். 2020-இல் முடிவு வெளியானது. மாத்திரையே இல்லாத மாதங்களில் தொந்தரவின் சராசரி 8.0. ஸ்டாட்டின் மாதங்களில் 16.3. போலி மாத்திரை மாதங்களில் 15.4! தொந்தரவு உண்மை, ஆனால் ஸ்டாட்டின் மாதங்களில் கூடுதலாக வந்த தொந்தரவில் ஏறக்குறைய 90 சதவீதம் போலி மாத்திரையாலும் வந்தது. இந்த முடிவை அவரவரிடம் காட்டிய பிறகு பாதிப் பேர் ஸ்டாட்டினை மறுபடி எடுக்கத் தொடங்கினார்கள். விளக்கமே மருந்தாக வேலை செய்தது என்று இதைச் சொல்லலாம்.

ஆகவே மறைப்பது தீர்வு இல்லை. என்ன செய்யலாம்? ஆபத்தான விளைவுகளையும், உடனே ஆஸ்பத்திரிக்கு வரவேண்டிய அறிகுறிகளையும் கட்டாயம் சொல்லவேண்டும்; அதில் பேரத்துக்கு இடமே இல்லை. லேசான தொந்தரவுகளைப் பொறுத்தவரை, "சிறிய, தானாகச் சரியாகிவிடும் தொந்தரவுகள் சிலருக்கு வருவதுண்டு. அவற்றை எல்லாம் விவரமாகச் சொல்லட்டுமா, தேவைப்பட்டால் கேட்டுக்கொள்கிறீர்களா?" என்று நோயாளியிடமே கேட்கலாம். நோசிபோ விளைவைப் பற்றியும் வெளிப்படையாகப் பேசலாம். அப்படியொன்று இருக்கிறது என்று தெரிந்தவர், தலை லேசாகக் கனத்தவுடனே மாத்திரையைக் குப்பையில் போடமாட்டார்.

கொரோனா தடுப்பூசிச் சோதனைகளைத் தொகுத்துப் பார்த்தபோதும் இதே கதைதான். முதல் ஊசிக்குப் பிறகு, வெறும் உப்புநீர் போன்ற போலி ஊசி போட்டுக்கொண்டவர்களிலேயே 35 சதவீதம் பேர் தலைவலி, சோர்வு போன்றவற்றைச் சொன்னார்கள்.

"அபூர்வம்", "சகஜம்", "லேசான ரிஸ்க்" என்றெல்லாம் சொன்னால் எவ்வளவு என்று எடுத்துக்கொள்வது?

இந்தச் சொற்களைச் சொல்கிறவர் ஓர் அளவை நினைக்கிறார், கேட்பவர் வேறோர் அளவை நினைக்கிறார். மருந்துத் தாள்களில் ஐரோப்பிய வழக்கப்படி "பொதுவாகக் காணப்படுவது" என்றால் 100 பேரில் 1 முதல் 10 பேருக்கு வருவது. "அபூர்வம்" என்றால் 10,000 பேரில் 1 முதல் 10 பேர். முதல் சொல்லைப் படிக்கும் சராசரி மனிதர் அதைவிட நிறையப் பேருக்கு வரும்போலிருக்கிறது என்று எண்ணிக்கொள்கிறார்.

எண்ணைச் சொல்லிவிடுவது நல்லது. அந்த எண்ணை இரண்டு பக்கமும் சொல்வது இன்னும் நல்லது. 1982-இல் வந்த புகழ்பெற்ற ஆய்வு ஒன்றில், நுரையீரல் புற்றுநோய்க்கு அறுவையா கதிர்வீச்சா என்று தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். "அறுவையில் 100 பேரில் 90 பேர் பிழைக்கிறார்கள்" என்று கேட்டவர்களைவிட, "100 பேரில் 10 பேர் இறந்துவிடுகிறார்கள்" என்று கேட்டவர்கள் அறுவையை அதிகமாகத் தவிர்த்தார்கள். கணக்கு ஒன்றுதானே! இந்தப் பொறியில் விழுந்தவர்களில் டாக்டர்களும் உண்டு. அதனால், "100 பேரில் 4 பேருக்கு வாந்தி வரும், 96 பேருக்கு வராது" என்று முழுசாகச் சொல்வதே நேர்மை.

ஸ்கேன் ரிப்போர்ட்டில் "தேய்மானம்" என்று போட்டிருக்கிறது. இனி குனியவே கூடாதா?

இந்தக் கேள்விக்குத்தான் நிறைய பதில் எழுதவேண்டியிருக்கிறது.

முதுகுவலியோடு வரும் ஒருவருக்கு எம்.ஆர்.ஐ. எடுக்கிறார்கள். ரிப்போர்ட்டில் டிஸ்க் (முதுகெலும்புகளுக்கு நடுவில் மெத்தைபோல் இருப்பது) தேய்மானம், டிஸ்க் பிதுக்கம் என்று வரிசையாக இருக்கிறது. "எலும்பெல்லாம் தேய்ந்துபோய்விட்டது, வெயிட் தூக்காதீர்கள், குனியாதீர்கள்" என்று ஒரு வாக்கியத்தில் விஷயம் முடிகிறது. அந்த மனிதர் வீட்டுக்குப் போய் என்ன செய்கிறார்? செருப்பை மாட்டக்கூட மகனைக் கூப்பிடுகிறார். பேரனைத் தூக்குவதை நிறுத்துகிறார். அசைவு குறைய, முதுகுத் தசை பலம் இழக்கிறது. வலி கூடுகிறது. "டாக்டர் அப்போதே சொன்னாரே" என்று நினைத்துக்கொள்கிறார்.

அந்த ரிப்போர்ட்டில் எழுதாத ஒரு தகவல் இருக்கிறது. முதுகுவலியே இல்லாத 3,110 பேரின் ஸ்கேன்களைத் தொகுத்துப் பார்த்த ஆய்வு 2015-இல் வெளியானது. வலி எதுவும் இல்லாத 20 வயதினரிலேயே 37 சதவீதம் பேருக்கு டிஸ்க் தேய்மானம் இருந்தது. 80 வயதில் 96 சதவீதம் பேருக்கு. டிஸ்க் பிதுக்கமும் அப்படியே: 20 வயதில் 30 சதவீதம், 80 வயதில் 84 சதவீதம். முதுகு நலமாக இருக்கும் கூட்டத்தில்தான் இத்தனை. தலைமுடி நரைப்பதைப்போல் பெரும்பாலும் வயதின் அடையாளம் இது. நரைத்த முடி வலிப்பதில்லை.

எல்லா முதுகுவலியும் இப்படித்தான் என்று எடுத்துக்கொள்ளவேண்டாம். கால் பலம் குறைவது, சிறுநீர் மலம் கட்டுப்பாட்டை இழப்பது, பிறப்புறுப்பைச் சுற்றி மரத்துப்போவது, காய்ச்சலோடு முதுகுவலி வருவது ஆகியவை இருந்தால் தாமதிக்காமல் டாக்டரைப் பார்க்கவேண்டும். அவை இல்லாதபோது நோயாளி கேட்கவேண்டிய வாக்கியம் வேறு: "உங்கள் வயதில் பலருக்கு ஸ்கேன் இப்படித்தான் இருக்கும். முதுகெலும்பு பலமானது. முதலில் கொஞ்சம் வலித்தாலும் நடக்கலாம், குனியலாம். மெல்ல மெல்லக் கூட்டுவோம்." இதைச் சொல்ல ஆகும் நேரம் "தேய்ந்துவிட்டது" என்பதைவிடச் சில விநாடி அதிகம். மிச்சமாவது மாதக்கணக்கு.

"மூட்டு எலும்போடு எலும்பு உரசுகிறது", "டிஸ்க் விலகிவிட்டது" ஆகியவையும் இதே ரகம். கேட்டவுடன் மனத்தில் ஒரு படம் விழுந்துவிடுகிறது. அந்தப் படத்தை அழிக்க நிறைய பாடுபடவேண்டும்.

"ஒன்றுமில்லை, எல்லாம் நார்மல்" என்று சொல்லியும் ஏன் நிம்மதி வருவதில்லை?

ஏனென்றால் வலி இன்னும் இருக்கிறது. நெஞ்சு படபடக்கிறது என்று வந்தவரிடம் இ.சி.ஜி.யை நீட்டி "ஒன்றுமில்லை" என்றால், அவர் காதில் "நீ சொல்வது பொய்" என்று விழுகிறது. அல்லது, "இவருக்கு எதுவும் புலப்படவில்லை, வேறு இடத்துக்குப் போகவேண்டும்" என்று. அடுத்த வாரமே இன்னொரு டாக்டர், இன்னொரு இ.சி.ஜி.

இதயத்தில் கோளாறு இல்லை என்பது நல்ல செய்தி. அதோடு மூன்று விஷயங்கள் சேரவேண்டும்: படபடப்பு எதனால் வந்திருக்கலாம், எத்தனை நாளில் அடங்கும், எந்த நிலையில் திரும்பி வரவேண்டும். கே. பி. தாமஸ் என்ற பிரிட்டிஷ் குடும்ப மருத்துவர் 1987-இல் வெளியிட்ட ஆய்வு இங்கே நினைவுக்கு வருகிறது. திட்டவட்டமான நோய் எதுவும் பிடிபடாத 200 பேரில் சிலரிடம், இன்னது என்று பெயர் சொல்லி, சில நாளில் சரியாகிவிடும் என்றார். மற்றவர்களிடம், என்னவென்று உறுதியாகச் சொல்லமுடியவில்லை என்றார். இரண்டு வாரத்தில் முதல் வகையினரில் 64 சதவீதம் பேர் தேறிவிட்டார்கள், மற்றவர்களில் 39 சதவீதம். தெரியாததைத் தெரிந்ததுபோல் சொல்லவேண்டும் என்பதற்கு இதை நான் சான்றாகக் காட்டமாட்டேன். ஆனால் இதுபோன்ற தொந்தரவு பெரும்பாலோருக்கு எப்படிப் போகும் என்பது டாக்டருக்குத் தெரியும். அதையாவது சொல்லலாமே.

ரிசல்ட் "பாசிட்டிவ்" என்றால் நல்லதா, கெட்டதா?

பரிசோதனையில் தேடியது கிடைத்துவிட்டது என்று பொருள். கர்ப்பப் பரிசோதனையில் ஒரு மாதிரி, கிருமிப் பரிசோதனையில் இன்னொரு மாதிரி. புரியாவிட்டால் வெட்கப்படாமல், "அப்படியென்றால் எனக்கு அந்த நோய் இருக்கிறதா, இல்லையா?" என்றே கேளுங்கள்.

புற்றுநோய் போன்ற கெட்ட செய்தியை எப்படிச் சொன்னாலும் கஷ்டம்தானே? சொல்லில் என்ன இருக்கிறது?

செய்தியின் கனம் குறையாது. அதைத் தாங்குகிறவரின் நிலை மாறும்.

முதலில் ஒரு நடைமுறை உண்மை: மருத்துவர் சொல்வதில் 40 முதல் 80 சதவீதம் வரை நோயாளி உடனே மறந்துவிடுகிறார். பதற்றத்தில் இருப்பவர் "கேன்சர்" என்ற சொல்லைக் கேட்டபிறகு அடுத்த பத்து நிமிடம் சொன்னதெல்லாம் காற்றோடு போயிற்று. அதனால்தான் 2000-இல் புற்றுநோய் மருத்துவர்களுக்காக வெளியிடப்பட்ட ஸ்பைக்ஸ் என்ற ஆறு படி வழிமுறை, தனியான இடத்தில் உட்கார்ந்து பேசுவதில் தொடங்குகிறது. நோயாளிக்கு ஏற்கெனவே என்ன தெரியும், இன்னும் எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறார் என்று கேட்ட பிறகே செய்தி. செய்திக்குப் பின் அவருடைய உணர்வுக்கு இடம். கடைசியில் அடுத்து என்ன என்ற திட்டம்.

கட்டாயம் தவிர்க்கவேண்டிய வாக்கியம் ஒன்று உண்டு: "இனி செய்வதற்கு ஒன்றுமில்லை." அது உண்மையும் இல்லை. நோயைக் குணமாக்கும் சிகிச்சை முடிந்திருக்கலாம். வலியை அடக்க, மூச்சுத்திணறலைக் குறைக்க, வீட்டில் இருக்க வழிசெய்ய நிறைய இருக்கிறது. டாக்டர் கையை விரித்துவிட்டார் என்ற எண்ணத்தோடு வெளியே வரும் குடும்பம் கண்டவர் பேச்சைக் கேட்டு அலைகிறது.

"எத்தனை மாதம்?" என்று கேட்டால் ஒற்றை எண்ணைக் கொடுப்பதும் தவறு. குறித்த நாள் மனத்தில் கெடுவாக உட்கார்ந்துவிடும். "நன்றாகப் போனால் இவ்வளவு, மோசமாகப் போனால் இவ்வளவு, பெரும்பாலோருக்கு இதற்கு நடுவில்" என்று வீச்சாகச் சொல்வது உண்மைக்கும் நெருக்கம், மனத்துக்கும் தாங்கும்.

"அவரிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள், தாங்கமாட்டார்" என்று குடும்பம் கேட்டுக்கொண்டால்?

அன்பினால் வரும் வேண்டுகோள். ஆனால் மறைத்தால் வேறொன்று நடக்கிறது. வீட்டில் எல்லோரும் அறைக்கு வெளியே போய் ஃபோன் பேசுகிறார்கள்; இவர் உள்ளே வந்தால் பேச்சு நிற்கிறது. என்னமோ இருக்கிறது என்று அவருக்குத் தெரிந்துவிடுகிறது; கேட்கத்தான் ஆள் இல்லை. மருத்துவர் குடும்பத்தாரிடம், "நானாக எதையும் திணிக்கமாட்டேன். ஆனால் அவராகக் கேட்டால் பொய் சொல்லமாட்டேன்" என்று சொல்லலாம். நோயாளியிடம், "ரிப்போர்ட் பற்றி உங்களிடமே பேசட்டுமா, வீட்டில் வேறு யாரிடமாவது பேசட்டுமா?" என்று நேராகக் கேட்டால், முடிவு அவருடையதாகிறது. மகளிடம் பேசுங்கள் என்பவர்களும் உண்டு, அதையும் மதிக்கவேண்டும்.

"முன்னாடியே வந்திருக்கக் கூடாதா?" என்று டாக்டர் திட்டுவது அக்கறையால்தானே?

இருக்கலாம். போன மாதத்துக்குத் திரும்பிப்போக யாராலும் முடியாது என்பதால், அந்த அக்கறையால் பயன் ஒன்றும் இல்லை. குற்ற உணர்ச்சிதான் மிஞ்சும். "சர்க்கரையைக் கட்டுப்பாட்டில் வைக்கத் தெரியவில்லை", "சொன்னால் கேட்கிற ஆள் இல்லை" என்பவையும் அப்படியே. ஒவ்வொரு தடவையும் திட்டு வாங்குகிறவர் பரிசோதனைக்கு வருவதையே தள்ளிப்போடுவார். அல்லது வரும் முன் இரண்டு நாள் மட்டும் பத்தியம் இருந்து நல்ல எண்ணைக் காட்டுவார். அமெரிக்க நீரிழிவுச் சங்கமும் நீரிழிவுக் கல்வியாளர் சங்கமும் 2017-இல் சேர்ந்து வெளியிட்ட வழிகாட்டுதல் இந்தப் பழிபோடும் மொழியைக் கைவிடச் சொல்கிறது. "இந்த மாத்திரையைத் தினமும் போடுவதில் என்ன சிக்கல் வருகிறது?" என்று கேட்டால், இரவு ஷிஃப்ட் வேலை, தீர்ந்துபோன பணம், வயிற்று எரிச்சல் என்று உண்மைக் காரணம் வெளியே வரும்.

நோயின் பெயரை மாற்றினால் நோய் மாறிவிடுமா?

நோய் மாறாது, முடிவுகள் மாறும். மார்பகத்தில் பால்நாளத்துக்குள்ளேயே நிற்கும் ஆரம்பநிலை மாற்றம் ஒன்று உண்டு. அதை "பரவாத மார்பகப் புற்றுநோய்" என்று விவரித்தபோது, கற்பனையாக முடிவெடுக்கச் சொல்லப்பட்ட பெண்களில் 47 சதவீதம் பேர் அறுவையைத் தேர்ந்தார்கள். "இயல்பு மாறிய செல்கள்" என்றபோது 31 சதவீதம். ஜப்பானில் மனச்சிதைவு நோய்க்கு இருந்த, "மனம் பிளந்த நோய்" என்ற பொருள்படும் பெயரை 2002-இல் மாற்றினார்கள். அதற்கு முன் நோயின் பெயரைத் தெரிவிக்கப்பட்டவர்கள் சுமார் 37 சதவீதம் நோயாளிகளே. சில ஆண்டுகளில் அது 70 சதவீதத்தை எட்டியது. பழைய பெயரைச் சொல்ல டாக்டர்களுக்கே வாய் வந்திருக்கவில்லை.

வெளியே ஐம்பது பேர் காத்திருக்கும்போது இப்படி நிதானமாகப் பேச நேரம் ஏது?

நியாயமான கேள்வி, டாக்டர்கள் கேட்பது. ஒரு நோயாளியை இடைமறிக்காமல் பேசவிட்டால் எவ்வளவு நேரம் பேசுவார்? சுவிட்சர்லாந்தில் 335 பேரை அளந்து பார்த்தார்கள். சராசரி 92 விநாடி. பத்தில் எட்டுப் பேர்வரை இரண்டு நிமிடத்துக்குள் முடித்துவிட்டார்கள். இன்னோர் ஆய்வில், மார்பகப் புற்றுநோய் பற்றி டாக்டர் விளக்கும் வீடியோவில் பரிவான வார்த்தைகள் 40 விநாடி சேர்க்கப்பட்டன. பார்த்த பெண்களின் பதற்றம் குறைந்தது. நேரம் இல்லை என்பது உண்மைதான். ஆனால் 40 விநாடியும் இல்லை என்றால், குறை வேறெங்கோ இருக்கிறது.

நல்ல சொல்லே போதும், மருந்து வேண்டாம் என்று ஆகிவிடாதா?

ஆகக்கூடாது, இந்த ஆபத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. 2011-இல் வெளியான ஆஸ்துமா ஆய்வு இதற்கு எல்லை போட்டுவிட்டது. மருந்துள்ள இன்ஹேலர் மூச்சின் அளவை 20 சதவீதம் கூட்டியது. போலி இன்ஹேலர் சுமார் 7 சதவீதம். ஆனால் "எவ்வளவு தேவலை?" என்று கேட்டபோது மருந்து எடுத்தவர்கள் 50 சதவீதம் என்றார்கள், போலி எடுத்தவர்கள் 45 சதவீதம் என்றார்கள். நுரையீரல் திறக்காமலே தேறிவிட்டதுபோல் தோன்றியிருக்கிறது. ஆஸ்துமாவில் அது உயிருக்கே ஆபத்து. வலி, குமட்டல், களைப்பு, பதற்றம் ஆகியவற்றில் சொல்லுக்குச் செல்வாக்கு உண்டு. கட்டியைச் சொல் கரைக்காது, கிருமியைக் கொல்லாது. இனிக்கப் பேசி மருந்தை நிறுத்தச் சொல்லும் எவரிடமிருந்தும் எழுந்து வந்துவிடுங்கள்.

டாக்டர் சொன்ன ஒரு வார்த்தை மனத்தில் தைத்துவிட்டது. இப்போது நான் என்ன செய்வது?

முதலில் அந்த வாக்கியத்தை நினைவில் உள்ளபடி ஒரு தாளில் எழுதுங்கள். கூட வந்தவரையும் தனியாக எழுதச் சொல்லுங்கள். பல சமயம் இரண்டும் ஒத்துப்போகாது. அடுத்த தடவை போகும்போது அந்தத் தாளைக் காட்டி, "நீங்கள் இப்படிச் சொன்னதாக எனக்குப் புரிந்தது. சரியா?" என்று கேளுங்கள். இதில் குற்றச்சாட்டு இல்லை என்பதால் யாரும் கோபித்துக்கொள்ளமாட்டார்கள்.

பிறகு மூன்று கேள்விகள். என்னைப்போன்ற 100 பேரில் எத்தனை பேருக்கு இப்படி ஆகும்? நான் என்னென்ன செய்யலாம்? எந்த அறிகுறி வந்தால் உடனே வரவேண்டும்? பதிலை உங்கள் வார்த்தையில் திரும்பச் சொல்லிக் காட்டுங்கள். தவறாகப் புரிந்திருந்தால் அங்கேயே திருத்திவிடுவார்.

ஊசிக்கோ ஆபரேஷனுக்கோ போகும்போது, "எப்படி வலிக்கும் என்று சொல்லவேண்டாம், அடுத்து என்ன செய்யப்போகிறீர்கள் என்று மட்டும் சொல்லுங்கள்" என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளலாம். எல்லா விவரமும் தெரிந்தால்தான் நிம்மதி என்கிற ரகமாக நீங்கள் இருந்தால், அதையும் சொல்லிவிடுங்கள். நீங்கள் எந்த ரகம் என்று முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க அவரால் முடியாது.